ஈரக் கை

போஹின் ஏரியிலிருந்து இறங்கி வரும் ஆற்றில், முதுகுத் துடுப்பைப் பாய்போல விரிக்கும் லிபன் மீனை வெளியூர்க்காரர்களுக்குப் பிடித்துக் காட்டுவதுதான் லோய்ஸேயின் பிழைப்பு. பிடித்ததைத் தின்னக் கூடாது. தூண்டில் முள்ளைக் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். காய்ந்த கை பட்டால் மீன்மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், பிறகு அது பிழைக்காது. அதனால் ஒவ்வொரு மீனைத் தொடுவதற்கு முன்னாலும் கையைப் பனித்தண்ணீரில் முக்க வேண்டும். அக்டோபரில் விரலெல்லாம் மரத்துக் கட்டையாகிவிடும்.

அன்று வந்தவர் ஒரு பல் டாக்டர். "படம் எடுங்க, இன்னொண்ணு எடுங்க" என்று அவர் படுத்திய பாட்டில் லோய்ஸேக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. வீடு வந்து சேர்ந்தபோது நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது.

மகள் நேஷா கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"அப்பா, பேத்தியைக் கொஞ்சம் பிடிங்க. சூப்பை இறக்கிட்டு வந்துடறேன்."

லோய்ஸே நேரே முற்றத்துத் தொட்டிக்குப் போய் இரண்டு கையையும் முக்கினார். சொட்டச் சொட்ட வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அது வீலென்று அலறிய பிறகுதான் அவருக்கு விழிப்பே வந்தது.

மனைவி டில்கா ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "நல்லவேளை, கொண்டுபோய் ஆத்துல விடாம இருந்தீங்களே!"

லோய்ஸே கையைச் சட்டையில் துடைத்து, அடுப்பில் காட்டி, மறுபடி நீட்டினார்.

"குடு. இதையாவது வெச்சுக்கலாமில்ல?"