மணவறை வாடகைக்கு வரி

1. முதல் வாரம்

மில்பிடாஸில் இந்தியக் கடைகள் உள்ள ஒரு பிளாசாவின் மாடியில் எங்கள் அக்கவுண்டிங் ஆபீஸ். நான் சேர்ந்தபோது என் மகளுக்கு மூன்று வயது. மதுரையில் எம்.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போனவள் நான். முதல் வாரம் முழுக்க ஒரு கண் கம்ப்யூட்டரில், ஒரு கண் போனில். மகளை விட்டிருந்த டேகேரிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்ற பயம்.

முதலாளி சுந்தரம் சார் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வாடகைப் பொருள்களுக்கான சேல்ஸ் டாக்ஸ்.

“வீட்டு வாடகைக்கு இங்க சேல்ஸ் டாக்ஸ் கிடையாதும்மா. நாற்காலி, மேஜை, மெஷின்னு சாமானை வாடகைக்கு விட்டா உண்டு. ரெண்டு வழி இருக்கு. சாமான் வாங்கின விலைக்கு ஒரேயடியா டாக்ஸ் கட்டிடலாம். அப்புறம் எத்தனை தடவை வாடகைக்கு விட்டாலும் டாக்ஸ் இல்லை. அப்படிக் கட்டலைன்னா, ஒவ்வொரு வாடகைக்கும் கஸ்டமர்கிட்ட வசூல் பண்ணி ஸ்டேட் கவர்ன்மென்ட்டுக்குக் கட்டணும்.”

“எது வேணும்னாலும் எடுத்துக்கலாமா சார்?”

“எடுத்துக்கலாம். ஆனா முதல் தடவை வாடகைக்கு விடறீங்களே, அந்தப் பீரியடுக்கு ஸ்டேட்டுக்கு அனுப்பற ரிட்டர்ன்லயே முடிவு பண்ணிடணும். அப்புறம் ஐயோ அம்மான்னாலும் ஸ்டேட்காரன் மாத்த விட மாட்டான்.”

இதை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். இரண்டு மூன்று தடவை படித்தும் பார்த்தேன்.

2. எந்த வழி நல்லது

ஆலோசனை கேட்டு, பக்கத்து ஊர் பிளசன்டனிலிருந்து வசந்தா அக்கா என்ற ஒரு கஸ்டமர் வந்தார். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒரு மணவறை செட்டைக் கப்பலில் வரவழைத்திருந்தார். மரத்தில் செதுக்கிய நாலு தூண்கள், மேலே விதானம், இரண்டு நாற்காலிகள், இடுப்பு உயரக் குத்துவிளக்குகள். கராஜில் கார் நிற்க இடமில்லை.

“எங்க வீட்டுக்காரரு ஒரு வருசம் டைம் குடுத்திருக்காரு கண்ணு. அதுக்குள்ள இது சொந்தக் கால்ல நிக்கலைன்னா கராஜைக் காலி பண்ணிருன்னுட்டாரு. உனக்குக் கைச்செலவுக்கு நான் தர்றது பத்தலியாங்கறாரு. பத்தாம என்ன? கேட்டு வாங்கோணுமல்ல.”

துறைமுகத்தில் சுங்க வரி கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தார். அது வேறு, இது வேறு என்று விளக்கி, இரண்டு வழிகளையும் சொன்னேன்.

“நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு, எது நல்லது?”

சுந்தரம் சார் அன்று மதியம் வெளியே போயிருந்தார். அந்த நேரம் பார்த்து டேகேரிலிருந்து போன். மகளுக்கு உடம்பு சுடுகிறதாம், உடனே வரச் சொன்னார்கள். நான் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னேன்.

“அக்கா, முன்னாடியே மொத்தமா கட்டிட்டு, யாரும் வாடகைக்கு எடுக்கலைன்னா அந்தப் பணம் போயிடும். வசூல் பண்ணிக் கட்டினா உங்க கைக்காசு போகாது.”

“அப்ப அதையே போட்டுரு கண்ணு. நீ ஓடு, கொழந்தையைப் பாரு.”

மறுநாள் சாரிடம் சொன்னேன். “கரெக்ட்தாம்மா. புது பிசினஸ், அதான் சேஃப்” என்றார். முதல் வாடகை வந்த பிறகு ரிட்டர்னும் அப்படியே போனது. அன்று காய்ச்சல் போன் வராமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வராமல் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

3. ஐநூற்றி ஒன்று

மணவறைக்கு வாடகை ஐநூற்றி ஒரு டாலர் என்று அக்கா வைத்தார். மங்கள காரியத்துக்கு யாரும் மொட்டையாக ஐநூறு கொடுக்க மாட்டார்கள். அதோடு எட்டேகால் சதவீதம் சேர்த்தால் ஐநூற்றி நாற்பத்திரண்டு டாலர், முப்பத்து மூன்று சென்ட் வரும். முதல் வாடகைக்கு நானே அப்படி பில் போட்டுக் கொடுத்தேன்.

பெண்ணின் அப்பா பில்லைப் பார்த்துச் சிரித்தாராம். “என்ன வசந்தாம்மா, தாலி கட்டற இடத்துக்கு டாக்ஸா? விட்டா தாலிக்கே ஸ்டாம்ப் ஒட்டுவீங்க போலிருக்கே.” பிறகு வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் ஐநூற்றி ஒன்றை வைத்து நீட்டியிருக்கிறார்.

“தட்டை வாங்கீட்டு, மேல இன்னும் நாப்பத்தொண்ணு குடுங்கன்னு எப்படிக் கண்ணு கேக்கறது? அதுலயும் முப்பத்து மூணு சென்ட்டு. வாய் வரலை” என்றார் அக்கா.

அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. வாடகைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் வரியைத் தன் கையிலிருந்து கட்டினார். “வாடகையையே ஐநூற்றி ஐம்பத்தொண்ணா ஏத்திடுங்க அக்கா” என்றேன். ஏற்றினார். ஆனால் பக்கத்து ஃப்ரீமாண்ட்டில் ஒருவர் பில் எதுவும் இல்லாமல் ஐநூற்றி ஒன்றுக்கே மணவறை கொடுக்க ஆரம்பித்திருந்தார். தெரிந்த குடும்பங்களே அங்கே போயின. அக்கா மறுபடியும் ஐநூற்றி ஒன்றுக்கே இறங்கினார். வேன் வாடகை, தூக்கி இறக்கும் ஆள் கூலி, வரி எல்லாம் போக மிஞ்சியதைக் கணவரிடம் காட்ட முடியவில்லை.

ஒரு நாள் ஆபீஸுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். “அந்த இன்னொரு வழி சொன்னியே, வெலைக்கு ஒரேயடியா கட்டறது. இப்ப அதுக்கு மாத்திக்கலாமா?”

பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே போய் சாரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “முதல் ரிட்டர்ன் போயாச்சேம்மா. கஷ்டம்தான்.”

வெளியே வந்து சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஊரில் வாங்கிய விலைக்கு அன்றே வரி கட்டியிருந்தால், ஏழெட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய வரியோடு அது முடிந்திருக்கும். பிறகு தட்டில் வரும் ஐநூற்றி ஒன்றில் ஸ்டேட்டுக்குப் பங்கே கிடையாது. இந்தத் தட்டு விஷயம் எனக்குத் தெரியாததும் அல்ல. மகளின் ஆயுஷ்ஹோமத்துக்கு நானே சாஸ்திரிகளுக்கு நூற்றி ஒன்று வைத்துக் கொடுத்தவள்தான். அதை வீட்டோடு விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்திருந்தேன்.

4. விற்றது

வருடம் முடிந்ததும் அக்கா மணவறையை ஒரு கோயிலுக்கு விற்றார். அந்த விற்பனைக்கும் வரி உண்டு, இங்கே கோயிலுக்கு விலக்கு இல்லை என்று நான்தான் போனில் சொல்ல வேண்டியிருந்தது. “அதுக்குமா?” என்று கேட்டார்.

வரி வசூலுக்காக எடுத்திருந்த பர்மிட்டை மூடக் கையெழுத்துப் போட வந்தபோது வரிக்கான செக்கையும் கொண்டுவந்திருந்தார்.

“உங்க கையிலிருந்தா அக்கா?” என்று தயங்கிக் கேட்டேன்.

“இல்ல கண்ணு. கோயில் ட்ரெஷரர் பில்லைப் பாத்தாரு. அவராவே, டாக்ஸ் சேக்கலியே, எவ்வளவுன்னாரு. சொன்னேன். எழுதிக் குடுத்துட்டாரு. வருசம் பூரா ஒருத்தருகூட அப்படிக் கேட்டதில்ல பாரு.”

“வீட்ல என்ன சொன்னாங்க?”

“அவரா? கராஜைக் கூட்டி, காரை உள்ள நிறுத்தினாரு. கைச்செலவுக்கு வேணும்னா சொல்லுன்னாரு.”

என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு இரண்டு வழிகளையும் இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எந்த வழி லாபம் என்று கணக்குப் போடுவதும் வந்துவிடும். அதற்கு முன்னால் எதிரே இருப்பவரிடம் ஒன்று கேட்கச் சொல்கிறேன். நான் கேட்காமல் விட்டது அதுதான். “உங்க கஸ்டமர் பணத்தை எப்படிக் குடுப்பாங்க? அவங்க குடுத்ததுக்கு மேல கேக்க உங்களுக்கு வாய் வருமா?”