காக்கிச் சேலையில் அம்மா

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, சங்ககிரிக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த நூல் மில் ஒன்றைப் பெண்கள் சிறையாக மாற்றினார்கள். சினிமாவுக்காகத்தான். கொலை வழக்கில் உள்ளே போன தாய்மார்களைப் பற்றிய படம். கைதிகளாக நிற்பதற்கு எங்கள் தெருவில் தறி ஓட்டும் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு சிறைக்குப் போனோம். போனதும் பூவை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

சித்திக்கு வெள்ளைச் சேலை கிடைத்தது. கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்து, லாரியில் நாக்பூர் போயிருந்த சித்தப்பாவுக்கு அனுப்பினாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் போட்டு, “என்ன பண்ணித் தொலைச்ச?” என்று கேட்டார். பிரியாணி வரும்வரை பெண்கள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மா நல்ல உயரம். அதனால் அவளுக்குக் காக்கிச் சேலை கொடுத்து வார்டர் ஆக்கினார்கள். நான் கைதியின் மகள். சிறையில் தாயோடு இருக்கும் பிள்ளைக்கு ஆறு வயது முடிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களாம். நான் கதாநாயகியைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும். வார்டர் என்னைப் பிரித்து இழுத்துப்போக வேண்டும்.

வார்டர் கையை நீட்டியதும் நான் சிரித்துக்கொண்டே ஓடி அவள் இடுப்பில் ஏறிக்கொண்டேன். ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும் அப்படித்தான்.

“ஏன் பாப்பா அழ மாட்டேங்கிற?” என்றார் இயக்குநர்.

“இவங்க எங்கம்மாங்க. அம்மாகிட்டப் போறதுக்கு எதுக்குங்க அழோணும்?”

அவர் அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டச் சொல்லி, கதாநாயகியின் இடத்தில் முதுகு மட்டும் தெரியும்படி உட்காரவைத்தார். காக்கிச் சேலையில் வேறொரு நடிகை வந்து என்னை அம்மாவிடமிருந்து இழுத்தாள். நான் போட்ட கத்தலில் மில் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் பறந்துபோயின.

‘கட்’ என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அழுகையை நிறுத்திக் கைதட்டப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

“முடிஞ்சுதும்மா, விடுங்க” என்றாள் நடிகை.

“விட்டர்றனுங்க” என்றாள் அம்மா. ஆனால் விடவில்லை. சித்தி வந்துதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

எங்கள் அம்மாவுக்கு நடிக்கவே தெரியாது, ‘கட்’ சொன்னதுகூடக் காதில் விழவில்லை என்று அன்று சாயங்காலம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

“ஆமா சாமி, எனக்குத் தெரியல” என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன்.