மெஷினுக்கு விலை போடுகிறவள்

மெஷினுக்கு விலை போடுவதுதான் என் தொழில் என்று சொன்னால், பாதிப் பேர் நான் பழைய இரும்புக் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். தங்கள் வேலை என்னவென்று கல்யாண வீடுகளில் விளக்கிச் சொல்லத் திணறும் என் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்காவது ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையோ தொழிற்சாலையோ தன் மெஷின்களை இன்சூரன்ஸ் செய்யும்போது, அவற்றின் மதிப்பு என்ன என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுதித்தர வேண்டும். அந்த யாராவது நான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, திருமுல்லைவாயிலிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பதினாறு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

துப்பட்டா

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. மெஷினை ஓட்டிக்காட்டச் சொல்லிக் கேட்டது நான்தான். கேட்டுவிட்டு, ஓடுகிற மெஷினின் பெயர்த் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்த்ததும் நான்தான். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். துப்பட்டா நுனி சுழல்கிற இடத்தில் மாட்டிக்கொண்டது.

கழுத்து ஒரு இழுப்பு இழுபட்டதுதான் தெரியும். அதற்குள் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்த முனுசாமி அண்ணன் காலால் பிரேக்கை மிதித்து, கையால் என் தோளை அழுத்திப் பிடித்துவிட்டார். துப்பட்டாவில் பாதி கயிறு மாதிரி மெஷினில் சுற்றிக் கிடந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஆணியில் தொங்கிய தன் காக்கி கோட்டை எடுத்துக் கொடுத்து, எல்லா பட்டனையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று மிச்ச வேலையை முடித்தேன். கிளம்பும்போது கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதை ஆணியில் மாட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மிசினு பூட்ச்சின்னா நீ ஒரு வெல போட்டு குடுத்துருவ. நீ பூட்டீன்னா உங்க ஊட்டுக்கு யாரும்மா வெல போட்டு குடுப்பா?"

மேஜை

ஆவடியில் ஒரு அச்சகம். காலையிலிருந்து ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பைண்டிங் வேலை செய்யும் பெண்கள் என்னை விடவில்லை. ஆறு டப்பா திறந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் எனக்கு ஒரு கை வந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. சுற்றி நின்றுகொண்டே கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டோம். அந்த வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரே மத்தியானம் அது.

இரண்டு நாள் கழித்து, முதலாளியின் கையெழுத்துக்காக ரிப்போர்ட்டை அனுப்பினேன். பைண்டிங்குக்கு மேஸ்திரியான கஸ்தூரி அக்கா போன் செய்தார். முதலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பட்டியலைத் தன்னிடம் காட்டியதாகச் சொல்லி, அதில் அச்சுத் தகட்டுக்கு வெளிச்சம் காட்டும் மெஷின் இல்லையே என்று கேட்டார். அப்படி ஒரு மெஷின் அங்கே கிடையவே கிடையாது, மூலை மூலையாகப் பார்த்தேன் என்று நான் கொஞ்சம் கறாராகவே சொன்னேன். பட்டியலில் இல்லாத மெஷின் எரிந்துபோனால் ஒரு பைசா வராது. என் பெயரும் அதோடு போயிருக்கும். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க அன்னிக்கு குழம்பு ஊத்தி சாப்ட்டீங்களே, அதும்மேலதான் மேடம்."

மழைக்கு முன்

இந்தச் சம்பவத்தில் வருகிறவரின் பெயரைச் சொன்னால் அவர் வருத்தப்படுவார். எஸ்டேட்டின் தாழ்வான பக்கத்தில் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய விலையையே எழுதிக் கொடுத்துவிடும்படி கேட்டார். அப்படி எழுதினால் பிரீமியம் குறையும். ஆனால் மெஷின் நாசமானால் இன்றைய விலைக்குத்தான் புதிது வாங்க வேண்டும். குறைத்து எழுதியிருந்தால் வருகிற நஷ்ட ஈடும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். இதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நான் இன்றைய விலையைத்தான் எழுதினேன்.

அவர் போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவள் என்று என் மேனேஜரிடம் புகாரும் செய்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எல்லா மெஷினையும் நேரில் பார்த்தாயா? பார்த்தேன் என்றேன். மறுபேச்சில்லாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பட்டறைக்காரரும் முனகிக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டார்.

அந்த வருஷ மழையில் பட்டறைக்குள் மார்பளவு தண்ணீர். ஐந்து மெஷினும் சேற்றில் முழுகின. இருபத்திரண்டு பேருக்கு அங்கேதான் சம்பளம். நஷ்ட ஈட்டுப் பணத்தில் மூன்று மாதத்துக்குள் புது மெஷின் வந்து எல்லோரும் திரும்ப வேலைக்கு வந்தார்கள். அவர் எங்கள் ஆபீஸ் படியேறி வந்து, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்குத் திட்டினதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேம்மா. ஆனா நீங்க என்னைக்கும் அந்தப் பிடிவாதத்தை வாபஸ் வாங்கிடாதீங்க."

தயாரிப்பாளர் பெயர்

பூந்தமல்லியில் ஏழுமலை என்றொருவர் கடலை மிட்டாய் போடுகிறார். மிட்டாயைத் தட்டி, வெட்டி, வரிசையாகத் தள்ளும் மெஷினை அவரே செய்திருந்தார். எங்கோ கிடந்த பழைய வண்டியின் கியர், கிரைண்டர் மோட்டார், தானே வெல்டு வைத்த சட்டம். பெயர்த் தகடு கிடையாது, பில் கிடையாது. எனக்கு முன்னால் வந்த ஒருவர், இதை மெஷின் என்றே எழுத முடியாது என்று போய்விட்டாராம். இன்சூரன்ஸ் இல்லாமல் பேங்க் கடன் தராது. கடன் இல்லாமல் பக்கத்து ஷெட்டை எடுக்க முடியாது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாகமாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். போல்ட்டு வரைக்கும் மறக்காமல் சொன்னார். முடிந்துவிட்டது என்றார். செய்ய எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். பதினோரு மாதம், ஆனால் அது சும்மா நம்ம வேலைதானே என்றார். இதே மெஷினை வேறொருவரிடம் செய்யச் சொன்னால் அவர் சும்மா செய்வாரா என்று கேட்டுவிட்டு, பதினோரு மாதக் கூலியையும் சேர்த்தேன். 'தயாரிப்பாளர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்டது. பதில் சொல்லிச் சொல்லி ஒரு வழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது ஏழுமலை கடைசி வரியில் இருந்த தொகையைப் பார்க்கவே இல்லை. தன் பெயர் இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி நாளா நான் முட்டாயி போடறவன்னுதான் மேடம் நென்ச்சிகினு இருந்தேன்."

இப்படிப்பட்ட மனிதர்களிடமே தொழில் கற்றுக்கொண்டதாலோ என்னவோ, போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை எடைக்குப் போட்டபோது, என்னைப்போலவே மெஷினுக்கு விலை போடுகிற பழைய சாமான்காரர் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை பேரம் பேசாமல் தலையாட்டிவிட்டு அவருக்கு டீயும் போட்டுக் கொடுத்தேன்.