கேபிளைப் பிடுங்கினேன், ஆபீசில் யாரும் கத்தவில்லை

நான் உள்ளே நுழைவதற்கு முன்பே தனபாலன் சார் சுரேனின் வேலையைப் பறிப்பதாக முடிவு செய்திருந்தார். எனக்கு அது தெரியாது. இன்டர்நெட் லைன் ஸ்லோ, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள், வந்தேன். கோலாலம்பூருக்கு வடக்கே, ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கன்டெய்னர் ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸ் டிக்ளரேஷன் அனுப்பும் சின்ன ஆபீஸ் அது. தனபாலன் சார்தான் முதலாளி.

"ரெஜினா, நீங்க ஒண்ணும் தேட வேணாம். யாருன்னு எனக்குத் தெரியும். ப்ரூஃப் மட்டும் எடுத்துக் குடுங்க. இன்னிக்கோட அவனுக்குக் கடைசி" என்றார். எல்லார் முன்னாலும், சத்தமாக.

அவர் கை நீட்டிய இடத்தில் சுரேன் உட்கார்ந்திருந்தான். டிக்ளரேஷன் கிளார்க். என்றைக்கோ அவன் ஸ்கிரீனில் ஃபுட்பால் ஓடியதை முதலாளி பார்த்துவிட்டாராம். அன்றிலிருந்து லைன் திணறினால் குற்றவாளி சுரேன். பாயான் பாருவில் வாடகை வீடு, மனைவி நிறைமாதம். தலையைத் தூக்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன நோய் என்று நோயாளியே முடிவு செய்துவிட்டு டாக்டரிடம் கையெழுத்து மட்டும் கேட்பது போல இருந்தது. இந்த நெட்வொர்க் தொழிலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். ஒரு ஆளின் சோற்றில் மண்ணைப் போடுவதற்கா பாகான் டாலாமிலிருந்து பாலம் கடந்து வந்தேன்? வாயை அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

லைன் படுத்தேதான் கிடந்தது. ஏன் இவ்வளவு மோசம் என்று எட்டிப் பார்த்தால், ஆபீசில் ஒருவர் விடாமல் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். லைன் ஸ்லோ என்றால் உடனே டெஸ்ட். அந்த டெஸ்ட்டே மிச்சமிருக்கும் லைனையும் முழுங்கும். அதனால் இன்னும் ஸ்லோ, அதனால் இன்னொரு டெஸ்ட்.

"அட, நிறுத்துங்களேன்! எல்லாரும் சேந்து அளந்தே லைனைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!"

சீனியர் கிளார்க் மல்லிகா அசடு வழிய மூடினார். மூடிவிட்டு என் காதில் சொன்னார்: "அக்கா, ஒண்ணு சொல்றேன், பாஸ்கிட்ட சொல்லிடாதீங்க. பாஸ் வெளிய போனா லைன் பறக்குது லா."

முதலாளி மேல் இருக்கும் கடுப்பில் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ரூட்டரைப் பார்த்தேன். உள்ளே இறங்குகிற பக்கம் பாதிக்கு மேல் காலி. வெளியே போகிற பக்கம், அதாவது அப்லோடு, விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது. டிக்ளரேஷன் வெளியே போக வழியே இல்லை.

"சார், ஃபுட்பால் பாத்தா டவுன்லோடுதான் ஏறும். இங்க என்னமோ வெளிய போயிட்டிருக்கு."

"அப்ப அவன் வீடியோ அனுப்புறான்."

சுரேனின் கேபிளைக் கழற்றிக் காட்டினேன். லேப்டாப்பில் அப்லோடு கிராஃப் இறங்கவில்லை.

"போன்ல பண்ணுவான்."

வைஃபையை அணைத்தேன். அப்போதும் இறங்கவில்லை.

"கெட்டிக்காரன் லா அவன்!" என்றார் முதலாளி.

இதற்கு மேல் என்ன பேசுவது? ரூட்டர் லிஸ்டில் அதிகம் அனுப்பும் கருவி முதலிடத்தில் நின்றது. நம்பர் இருக்கிறது, பெயர் இல்லை. ஆபீஸ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நீலம், ஒன்றிலும் லேபிள் இல்லை. வயரிங் செய்த மகராசன் நல்லா இருக்கட்டும். இந்த மாதிரி இடத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே வழிதான். கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது, யார் கத்துகிறார்கள் என்று கேட்பது. கத்துபவருடையது அந்தக் கேபிள்.

முதல் கேபிளைப் பிடுங்கினேன்.

"ஐயோ, என் டிக்ளரேஷன்!" மல்லிகா.

சொருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினேன். "அலாமக்! பிரிண்டர் செத்துப் போச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இப்படியே ஒவ்வொன்றாக வந்து, மூலையில் இருந்த ஒரு கேபிளில் கை வைத்தேன். பிடுங்கினேன். ஆபீசில் சத்தமே இல்லை. லேப்டாப்பைப் பார்த்தால் அப்லோடு கிராஃப் தொப்பென்று தரைக்கு வந்திருந்தது.

"போயிருச்சுக்கா! என் டிக்ளரேஷன் போயிருச்சு!" என்று மல்லிகா கை தட்டினார்.

அப்போது முதலாளியின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அவருடைய மனைவி.

"என்னங்க, பேன்ட்ரி கேமரா ஏன் கறுப்பா இருக்கு? மறுபடியும் டீயில இனிப்பு டின் பாலை ஊத்துறீங்களா?"

முதலாளி பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கத் தேடினார். விரல் வேறு எங்கெங்கோ பட்டதே தவிர, சத்தம் நிற்கவில்லை.

"டாக்டர் இனிப்பே கூடாதுன்னு சொல்லலையா? நேத்து ரெண்டு கரண்டி போட்டீங்க, அதுவும் குவிச்சு. மெல்பர்ன்ல பெரியவ பாத்துட்டு அழுவுறா. கோலாலம்பூர்ல சின்னவ வேலையே செய்யல, உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. இப்ப மூணு பேருக்கும் கறுப்பாத் தெரியுது. கேமரா மேல துணி கிணி போட்டீங்களா?"

மிச்சத்தை மல்லிகா காதில் சொல்ல, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டீ போடும் அறையில் இருக்கும் கேஸ் அடுப்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அந்த அம்மாள் வைக்கச் சொன்ன கேமரா. கரண்டியில் இருப்பது டின் பாலா, இனிப்பில்லாத பால் பவுடரா என்று தெரிய வேண்டுமென்று குவாலிட்டியை உச்சத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் இரண்டு மகள்களும் ஆளுக்கொரு போனில் பார்க்க, லைன் மூன்று தடவை அதே படத்தை வெளியே சுமந்திருக்கிறது. முதலாளி வெளியே போனால் கேமராவில் பார்க்க அவர் இல்லை, மூன்று பேரும் மூடிவிடுவார்கள். மல்லிகா சொன்னது சத்தியமான உண்மை.

மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவது போல ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சுரேன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து முதலாளி முன்னால் நின்றான்.

"பாஸ், எல்லார் முன்னாலயும் என்னைத் திருடன் மாதிரி கை காட்டுனீங்க."

"சரி சரி, போய் வேலையைப் பாரு."

"அதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க பாஸ். நான் இல்லைன்னு சொல்லுங்க."

குரல் உடைந்துவிட்டது பையனுக்கு. முதலாளி கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன விஷயம்? யாரைத் திருடன்னீங்க?" என்றது போன். மல்லிகா குனிந்து அந்த அம்மாளிடம் நடந்ததை இரண்டு வரியில் சொன்னார்.

"நம்ம சுரேனையா? பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இருக்காளே, அந்தப் பையனையா? மன்னிப்புக் கேளுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

தனபாலன் சார் கேட்டார். முதல் தடவை முணுமுணுத்தார். "காதுல விழல" என்றது போன். இரண்டாம் தடவை ஆபீஸ் முழுக்கக் கேட்டது: "சுரேன், தப்பு உன்மேல இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுப்பா."

அந்தக் கேபிளை மறுபடி சொருகி, கேமரா குவாலிட்டியைக் குறைத்துவிட்டுக் கிளம்பினேன். கரண்டி இன்னும் தெரியும். அதில் இருப்பது டின் பால்தானா என்று அம்மாள் யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லைன் எந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் முன்பே உங்கள் கையில் ஒரு ஆளின் பெயரைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். இப்போதெல்லாம் கஸ்டமர் "யாருன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் பேக்கைத் திறக்கும் முன்பே நான் சொல்வது ஒன்றுதான்:

"பேரு வேணாம் பாஸ். சுவிட்ச் எங்க இருக்கு?"