ஃபோர்மட் அடிக்க விடமாட்டேன்

திறக்க மறுத்த லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இன்று காலை மன்னார் டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி ஒரு பார்வைதான் பார்த்தார். "விண்டோஸ் போயிட்டுது அக்கா. ஃபோர்மட் அடிச்சுப் புதுசாப் போடோணும். உள்ளுக்க இருக்கிறதெல்லாம் போகும்."

"என்ர படங்கள் இருக்கு."

"படம்தானே, திரும்ப எடுக்கலாம்."

1990இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டு அகதிகளாக இருந்த புத்தளத்தில் இருந்து, சொந்த ஊரான எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த அன்று நான் எடுத்த படங்கள் அவை. கூரையில்லாத எங்கள் வீடு. நடு அறைக்குள் முள்விரித்து வளர்ந்து நின்ற உடைமரம். அந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற வாப்பா.

"திரும்ப எடுக்கிறதெண்டா இப்ப போட்ட கூரையைக் கழட்டோணும். வாறீங்களோ?" என்று கேட்டுவிட்டு லெப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் தங்கையின் கணினியில், விண்டோஸ் இல்லாமலே கணினியை இயக்குகிற ஒரு லினக்ஸ் பென்டிரைவ் தயாரித்தேன். அதைச் செருகி என்னுடையதை இயக்கினால், படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. முதலில் அவற்றைத் தங்கையின் கணினிக்கு மாற்றினேன். பிறகுதான் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன்.

பின்னேரம் கடைக்குப் போய்த் திறந்து காட்டினேன்.

"அழிச்சிட்டுப் போட்டா லேசா முடிஞ்சிருக்குமே. ஏனக்கா இவ்வளவு கஷ்டம்?"

"எல்லாத்தையும் விட்டுட்டுப் போங்கோ எண்டு ஒருக்காச் சொன்னவை, போனம். ரெண்டாந்தரம் ஆர் சொன்னாலும் கேக்கமாட்டம், தம்பி."

புது விண்டோஸ் திரை முழுக்க யாருடையதோ ஒரு புல்வெளியைக் காட்டியது. அதைத் தூக்கிவிட்டு எங்கள் உடைமரத்தைப் போட்டிருக்கிறேன்.

உங்கள் திரையில் இன்னமும் அந்த ஊர்பேர் தெரியாத புல்வெளிதானா?