காக்கை தொடாத இலை

வெள்ளிக்கிழமை காலை, விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். பால்காரம்மாள் வாசலில் நின்று, "இன்னாம்மா, சேதி தெரியாதா? எதிர்வூட்டு கோமதியம்மா பெருநகர்ல மவ வூட்லயே உசுர வுட்டுட்டாங்களாம். மொத பஸ்சு கண்டக்டர் சொல்லிட்டுப் போறாரு" என்றாள். அன்று விளக்கேற்ற வெகு நேரமாயிற்று.

நம் தெருக்காரர்களுக்குக் கோமதி அக்காவின் கணவருடைய முதல் வருஷத் திதி நினைவிருக்கும். கிணற்றடியில் சமையல் நடந்ததால், காக்கைக்கு வைக்கும் இலையை வாசல் கூரைமேல் வைத்தோம். உச்சி சாய்ந்தும் ஒரு காக்கைகூட வரவில்லை. "எந்தம்பி தொடமாட்டான். படுக்கையில கெடந்தவனுக்கு வேளைக்குச் சோறு போட்டியோ இல்லியோ" என்றார் அக்காவின் நாத்தனார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; புராணம் வாசிப்பவள் நான்தானே. "பெருமாளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதுவே தீர்ப்பாகிவிட்டது. புருஷனைப் பட்டினி போட்டவள் என்று அக்காவுக்குப் பெயர் வந்தது.

மூன்று மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். "தெனம் கெணத்தடியில வெச்சிட்டு அன்னிக்கி மட்டும் கூரையில வெச்சா, காக்காவுக்கு எப்டி தெரியும்? நீதான் எல்லாத்தயும் நோட்டுல எழுதுறவளாச்சே, இதையும் எழுது." பத்துப் புளியங்கொட்டையில் இரண்டை வெள்ளையாகத் தேய்த்துச் சொம்பில் போட்டார். தினமும் குலுக்கி ஒன்றை எடுப்பார். கறுப்பு வந்தால் கூரையில் சோறு. வெள்ளை வந்தால் கிணற்றடியில்.

முதல் வாரம் காக்கைகள் கிணற்றடியிலேயே கத்திக்கொண்டிருந்தன. மாதம் முடிவதற்குள் கூட்டம் கூரைக்கு மாறிவிட்டது. ஆனாலும் ஒன்றிரண்டு கிணற்றடிச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

"அந்த ரெண்டு வெள்ளக் கொட்டைக்கு வர்ற சோத்தக் கூட விடல பாரு, திருட்டுப் பசங்க!" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அதுங்களுக்கு எம்மேல கோவமும் இல்ல, பாசமும் இல்ல. எங்க அதிகமா கெடைக்கும்னு ஒரு நெனப்பு கீது, அவ்ளோதான்."

அடுத்த திதிக்கும் கூரையிலேயே இலை வைத்தோம். கற்பூரம் அணையுமுன் காக்கைகள் இறங்கின. "வந்துட்டியா நைனா!" என்று நாத்தனார் அழுதார். அக்கா என்னை மட்டும் ஒருமுறை பார்த்தார். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

அக்கா தன் மகள் வீட்டுக்குப் போனபின் அந்தக் கூரையில் நான்தான் சோறு வைத்துவந்தேன். அக்காவின் பதினாறாம் நாள் இலையையும் நானே வைத்தேன். கையை எடுப்பதற்குள் காக்கை வந்துவிட்டது. "அவங்களுக்கு ஒம்மேல எவ்ளோ பாசம் பாத்தியா" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

இன்று காலையும் வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அக்கா என்னை மன்னித்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். காக்கையிடம் கேட்டுப் பயனில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனவரும் அக்காதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றே.