அக்கா வீட்டுத் தண்ணீர் போன வழி

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுத் தண்ணி எங்கங்க போகுது?" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில் என் மாமா வீட்டு விருந்தில் கை கழுவப் போனவர், சாக்கடை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று. அவர் தொழில் அப்படி. சரியும் சுவர்களுக்கு அடியில் சிமெண்டுப் பாலைச் செலுத்தி மண்ணை இறுக்குவார். சொந்தக்காரர்கள் வைத்த பெயர், மண் டாக்டர்.

போன மாதம் என் அக்காவே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தரைக்கு அடியில் கார் நிறுத்த இடம் கட்டுகிறேன் என்று பத்தடிப் பள்ளம் தோண்டியதிலிருந்து, அக்காவின் படுக்கையறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அக்கா புகார் கொடுத்துக் கட்டட வேலையை நிறுத்திவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவுக்காக நானும் அந்த வீட்டு அம்மாவிடம் குழாயடிச் சண்டை போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார். சுவர் நகர்ந்தால் அது உடையும். மறுநாளே உடைந்திருந்தது.

"சீக்கிரம் சிமெண்ட விட்டு அடைங்க மாப்பிள்ளை, பயமா இருக்கு," என்றாள் அக்கா.

"இருங்க அண்ணி. பள்ளத்துல தண்ணி ஊறுதே, அது எங்கேருந்து வருது?"

"தோண்டினா தண்ணி வராதா? அவங்கதான் தினமும் மோட்டார் போட்டு இறைக்கிறாங்களே!"

அந்தப் பதில் இவருக்குப் போதவில்லை. கடையில் சிவப்புச் சாயம் வாங்கி வந்து, அக்கா வீட்டுக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளத்தில் இறங்கும் ஏணியை நகர்த்திக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் இவரும் பள்ளத்தில் இறங்கிச் சேற்றில் முக்கால் மணி நேரம் நின்றோம். என்னதான் வரும் என்று எனக்கே ஆவல் தாங்கவில்லை.

அக்கா வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழிருந்து தண்ணீர் சிவப்பாகக் கசிந்தது. கூடவே மணலும் வந்தது.

"மண்ணுக்கு அடியில உடைஞ்ச கழிவுக் குழாய் உங்க அக்காவோடது," என்றார். "அந்தத் தண்ணி வெளியேறப் பள்ளம் வழி விட்டுடுச்சு. மோட்டார் இறைக்க இறைக்க, சுவருக்கு அடியில இருக்கிற மணலும் சேர்ந்து போகுது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, சொல்லாதீங்க. அக்கா தலைகுனிஞ்சு நிக்கணும். பேசாம சிமெண்ட விட்டுடுங்க."

"குழாய மாத்தாம விட்டா அடுத்த மழைக்குச் சுவர் சாயும். அது பக்கத்துலதான் உங்க அக்கா தலைய வச்சுப் படுக்கிறாங்க."

நானே போய்ச் சொன்னேன். "உன் புருஷனுக்கு வேற வேலையில்ல!" என்று சீறினாள் அக்கா. பிறகு அவளே என்னோடு ஏணியில் இறங்கி, சிவந்த சேற்றைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

மேலே பள்ளத்தின் ஓரத்தில் பக்கத்து வீட்டம்மா வந்து நின்றாள்.

"எங்க தண்ணிதாங்க," என்றாள் அக்கா, அண்ணாந்து பார்த்து. "மன்னிச்சுடுங்க. மோட்டார மட்டும் நிறுத்துங்க."

அந்த அம்மா, "சுவர் சரியாகுற வரைக்கும் அந்த ரூம்ல படுக்காதீங்க. இங்க வந்துடுங்க," என்றாள்.

அக்கா தலையாட்டினாள். எனக்குத்தான் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.